பன்னிரண்டுக்குப் பின் ஒரு காற்புள்ளி

12,50,000
என்று எழுதியிருந்தார் தூத்துக்குடி மச்சாடோ.
இருபத்தைந்து டன் சின்ன வெங்காயம்,
கிலோ ஐம்பது ரூபாய்.
பெருக்கிப் பார்த்தேன். சரி.

லெபோ பந்தாய் வங்கியில்
ஊய் பெங் ஹூனுக்கு அது சரியில்லை.
"ஐம்பதுக்கு முன்னால் ஓர் இலக்கம் விழுந்துவிட்டதா,
பின்னாலா?"
தொலைபேசியில் மெல்லத்தான் கேட்டான்.
மூன்று மூன்றாக நடக்காத எண்ணை
அவன் கணினி நொண்டி என்கிறதாம்.

நொண்டியில்லை, ஊய்.
கடைசி மூன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டு
மிச்சத்தை இரண்டிரண்டாய் அழைத்துப் போவது
எங்கள் ஊர் வழக்கம்.

எங்கள் ஊர் என்றேனே தவிர
நான் பிறந்தது ஆயர் ஈத்தாமில்.
தூத்துக்குடியை வரைபடத்தில்
தேடித்தான் கண்டுபிடிப்பேன்.

அவன் வீட்டிலும் மூன்று கிடையாது.
மாஜோங் மேசையில் அவன் அக்காள் கத்தும் 'பான்'
பத்தாயிரம்.
நம் இலட்சம் அவளுக்குப் பத்து பான்.
அதையெல்லாம் நனைந்த குடைபோல்
வங்கி வாசலிலேயே விட்டுவிட்டு
உள்ளே வருகிறான்.

தாள் திரும்பியது.
"எதைத் திருத்தச் சொல்கிறான்?" என்றார் மச்சாடோ.
காற்புள்ளியை, ஐயா.
"திருத்தினால் காசு கூடுமா?"
கூடாது.
"குறையுமா?"

பட்டர்வொர்த்தில் கொள்கலன் நின்றது,
நாள் வாடகையோடு, வெயிலோடு.
காற்புள்ளிக்குக் கால் முளைத்து நகரும் முன்
வெங்காயத்துக்கு முளை வந்துவிட்டது.

சுங்கத்து நொர்ஹயாத்தி
மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:
அவள் கிண்ணத்தில் இருப்பதும் லக்சாதான்,
பழைய மலாயில் பத்தாயிரத்துக்குப் பெயரும் லக்சாதான்.
எங்கள் இலட்சம் அல்லவா அது, என்றேன்.
"ஒரு சுழியம் குறைச்சலாக," என்று
சாற்றை உறிஞ்சினாள்.

இரவு அகராதியோடு உட்கார்ந்தேன்.
இலட்சம் கப்பலேறி லக்சாவானதில்
சுழியம் ஒன்று பற்று.
கோடி இறங்கி கெத்தியானதில்
இரண்டு பற்று.
நம்மிடம் வெறும் பத்தாயிரமாய் இருந்த அயுதம்
இங்கே ஜுத்தாவாகி
மில்லியன் அளவுக்குக் கொழுத்ததில்
இரண்டு வரவு.
கூட்டிக் கழித்தால்
ஒரு சுழியம் கடலில்.

பதினேழு வருடமாய்க் கணக்கெழுதுகிறேன்.
இதை எந்தத் தலைப்பில் போடுவது?
சேதாரம் என்று போட்டேன்.

சேதாரம் என்றதும் மற்றவை வரிசையாய் வந்தன.
என் சங்கிலி ஐந்து பவுன்;
அடகுச் சீட்டில் மட்டும் நாற்பது கிராம்.
பாலிக் புலாவில் கணவர் பங்கு முக்கால் ரெலோங்.
எவ்வளவு பெரிசு என்று மச்சாடோ கேட்டபோது
ஏக்கராக்கி, சென்டாக்கி,
ஐம்பத்து மூன்று என்றேன்.
மரங்களோடா என்றார்.
அதை எதில் அளப்பது?
சந்தையில் ஒரு கத்தி நண்டு கேட்டால்
அறுநூறு கிராம் நிறுக்கிறார்கள்.
பழைய கத்தியில் இன்னும்
ஏறத்தாழ நாலே முக்கால் கிராம் இருந்தது.
ஒரு நண்டுக்கு அது ஒரு கால்நுனி.
யாரும் வழக்குப் போடவில்லை.

ஒன்பதாம் நாள்
1,250,000 வந்தது.
அதே தொகை, வேறு இடங்களில் மூச்சு வாங்கிக்கொண்டு.
ஊய் முத்திரை குத்தினான்,
மன்னிப்பும் கேட்டான், அவன் நல்லவன்.

கதவைத் திறந்ததும் வந்த வாடைக்கு
அலகு கிடையாது.
முதலாளி பாதுஷா மூக்கைப் பொத்திக்கொண்டு
விரலால் காட்டினார்: மூன்றில் ஒன்று போச்சு.

நட்டம், சில்லறை நீக்கி,
4,16,000
என்று எழுதிவிட்டேன்.
ஒன்பது நாளில் மச்சாடோவின் கை
என் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாலுக்குப் பின்னிருந்த காற்புள்ளியை
வெள்ளை மையால் அழித்தேன்.

உலரும்வரை ஊதினேன்.
நட்டம் அப்படியே இருந்தது.